ஆர்.சி. விமானத்துக்குச் சொந்தமாக ஃபைபர் பாகம் செய்வது: பெங்களூரு நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் இறக்கையைப் பூட்டிக்கொண்டிருப்பேன். யாராவது பக்கத்தில் குனிந்து விமானத்தின் மூக்கை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். "இது கடையில வாங்குனதாண்ணா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் செய்தது என்றதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். பல வருஷமாக வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஆர்.சி. என்பது ரேடியோ ரிமோட்டால் பறக்கவிடும் சின்ன விமானம். ஃபைபர் என்பது கண்ணாடி இழைத் துணியை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து இறுகச் செய்வது. என்ஜினை மூடும் முன்பக்கக் கூட்டைக் கவுல் என்றும், முதலில் செதுக்கும் மாதிரி உருவத்தைப் பேட்டர்ன் என்றும், அதன்மேல் எடுக்கும் அச்சை மோல்டு என்றும் சொல்கிறேன். பட்டறைகளில் புழங்கும் பேச்சு அதுதான்.

பால்சா என்ற லேசான மரமும் பிளாஸ்டிக்கும் இருக்கும்போது ஃபைபர் எதற்கு?

கிட்டோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் கவுல், என்ஜின் அதிர்வில் திருகு போட்ட இடத்தில் விரிசல் விடும். முதல் சீசனிலேயே அது நடக்கும். பழைய கிட் என்றால் மாற்றுக் கவுல் எங்கும் கிடைக்காது. நீங்களே வடிவமைத்த விமானத்துக்குக் கடையில் பாகம் இருக்கவே இருக்காது. நாலு பக்கமும் வளைந்த உருவத்தை மெல்லிய சுவராக, அடி தாங்கும்படி செய்ய வீட்டில் இருக்கும் நல்ல வழி ஃபைபர்தான்.

எல்லா இடத்துக்கும் அது வேண்டாம். தட்டையான பக்கச் சுவருக்குப் பால்சாவும் பிளைவுட்டும் எடையில் குறைவு, வேலையும் சுலபம். கவுல், சக்கர மூடி, இறக்கை உடம்போடு சேரும் வளைவு, விமானி அறையின் அடிப்பாகம் ஆகியவைதான் ஃபைபருக்கு உரிய இடங்கள்.

நாம் இருக்கும் ஊரையும் நினைத்துப் பாருங்கள். நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸ் உருவாக்கிய ஹன்சா என்ற இரண்டு இருக்கை விமானம் 1993-ல் முதன்முதலாகப் பறந்தது. அதன் உடலே காம்போசிட். துணியும் ரெசினும் சேர்ந்து ஆளைச் சுமக்கும் விமானமாகிற ஊரில் இருந்துகொண்டு நாம் ஒரு கவுலுக்குத் தயங்க வேண்டியதில்லை.

கார்பன் ஃபைபர் இன்னும் பலமாயிற்றே, அதிலேயே செய்யலாமா?

ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் இருக்கும் பாகத்துக்கு வேண்டாம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நாம் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னலை அது மறைத்துவிடும். கார்பன் உடம்புக்குள் ஆன்டெனாவை வைத்துவிட்டு, விமானம் தூரத்தில் திரும்பும்போது கட்டுப்பாட்டை இழந்தவர்கள் உண்டு. கண்ணாடி இழை அப்படி மறைக்காது. விலையும் குறைவு. கிழிசல் வரும் ஓரத்தில் மட்டும் ஒரு கார்பன் நாடா ஒட்டிக்கொள்ளலாம்.

எபாக்ஸியா, பாலியெஸ்டரா?

இரண்டும் ரெசின் வகைகள். விமானத்தில் போகும் பாகத்துக்கு எபாக்ஸி. பைக் கவசமும் தண்ணீர்த் தொட்டியும் செய்யும் பட்டறைகளில் இருப்பது பாலியெஸ்டர். விலை மலிவு, சீக்கிரம் இறுகும். ஆனால் இறுகும்போது அதிகம் சுருங்கும், தெருவுக்கே நாறும். அதிலிருக்கும் ஸ்டைரீன் பட்டால் தெர்மாகோல் கண்முன்னே கரைந்துபோகும். எபாக்ஸி தெர்மாகோலை ஒன்றும் செய்யாது.

பாலியெஸ்டரைத் தொடுகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. அதை இறுகவைக்கச் சேர்க்கும் எம்.ஈ.கே.பி. என்ற கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே மற்றது. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

நம் ஊரில் பொறியியல் கல்லூரிப் பையன்கள் முதற்கொண்டு பலரும் பயன்படுத்துவது எல்ஒய் 556 என்ற எபாக்ஸி ரெசினும் அதை இறுகவைக்கும் எச்ஒய் 951 ஹார்ட்னரும். எடையில் 100-க்கு 10. ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது பாலியெஸ்டரில் இருந்து வந்த பழக்கம். எபாக்ஸியில் ஹார்ட்னரும் இறுகும் பொருளின் ஒரு பகுதி. அளவு தப்பினால் பிசுபிசுப்பாகவோ நொறுங்கும்படியோதான் வரும்.

சாமான் எங்கே வாங்குவது?

கண்ணாடித் துணிக்கும் ரெசினுக்கும் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள். பிரஷ், வாட்டர் பேப்பர், சின்னத் தராசு போன்றவற்றை எஸ்.பி. ரோட்டையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் ஒரு சுற்று வந்தாலே முடித்துவிடலாம். கடையில் "ஃபைபர் துணி கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். பாய் மாதிரி இழைகள் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிய 'மேட்' என்பதை எடுத்துப் போடுவார்கள். அது ரெசினைக் குடித்துத் தள்ளும். நெய்த துணி, இத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று கேளுங்கள்.

ஹார்ட்னர் டப்பாவில் தேதி பாருங்கள். ஒரு முறை பெரிய டப்பாவிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றித் தந்ததை வாங்கி வந்தேன். எப்போது திறந்த டப்பா என்று கேட்கவில்லை. மூன்று நாள் கழித்தும் கவுல் மிட்டாய் மாதிரி ஒட்டியது. இரண்டு வார வேலையை வழித்துப் போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து புது பாட்டில் எதுவானாலும் முதலில் 10 கிராம் மட்டும் கலந்து இறுகுகிறதா என்று பார்த்த பிறகே துணியில் கை வைக்கிறேன்.

துணி எத்தனை ஜிஎஸ்எம்? எத்தனை அடுக்கு?

இதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். 15 செ.மீ. விட்டம், 15 செ.மீ. நீளமுள்ள ஒரு கவுல் என்று வையுங்கள். முன்வளைவையும் சேர்த்தால் ஏறக்குறைய 800 சதுர செ.மீ. அதற்கு 80 ஜிஎஸ்எம் ஒன்று, 200 ஜிஎஸ்எம் ஒன்று, மறுபடி 80 ஒன்று, ஆக மூன்று அடுக்கு போடுவேன். துணி மட்டும் 29 கிராம் வரும். ரெசின் அதே எடை இருந்தால் பாகம் 58 கிராமில் முடியும். கை தாராளமாகப் போய் ரெசின் இரண்டு மடங்கு ஆனால் 87 கிராம். கூடின அந்த 29 கிராம் ஒரு துளி பலமும் தராது. பலம் துணியில் இருக்கிறது, ரெசின் இழைகளை இடம் மாறாமல் பிடித்துவைக்க மட்டுமே.

புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறார்கள். வாலில் போகும் பாகத்தில் இன்னும் கவனம் வேண்டும். வால், ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்கைவிட இரண்டு மூன்று மடங்கு தள்ளி இருக்கும். அங்கே 10 கிராம் கூடினால் மூக்கில் 20, 30 கிராம் ஈயம் வைத்துச் சரிக்கட்ட நேரும்.

பால்சா இறக்கையின் மேல் தோல் மாதிரி போர்த்துவதற்கு 25 ஜிஎஸ்எம் போதும். துணியை விரித்து, மேலே ரெசினை ஊற்றி, பழைய ஏடிஎம் கார்டால் வழித்து எடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு கவுல்தான் வேண்டும். அதற்கும் மோல்டு எடுக்கணுமா?

வேண்டாம். தெர்மாகோலில் உருவத்தைச் செதுக்கி, துணியும் ரெசினும் போர்த்தி, நன்றாக இறுகிய பிறகு உள்ளே இருக்கும் தெர்மாகோலை அசிட்டோன் ஊற்றிக் கரைத்து எடுத்துவிடலாம். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். செதுக்கிய தெர்மாகோல்மேல் பொட்டலம் கட்டும் பழுப்பு டேப் சுற்றினால் உட்புறம் வழவழப்பாக வரும்.

இதில் வெளிப்புறம் துணியின் நெசவாக இருக்கும். அதைப் பட்டி போட்டு, தேய்த்து, மறுபடி பட்டி போட்டுச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பட்டியும் எடைதான். இரண்டாவது கவுல் தேவைப்படும் என்று தோன்றினால் மோல்டே எடுத்துவிடுங்கள். மூக்கு குத்தி இறங்காத விமானம் ஏது?

பேட்டர்ன் எதில் செய்வது? எவ்வளவு நேரம் ஆகும்?

மொத்த வேலையில் முக்கால் பங்கு பேட்டர்னுக்கு. பால்சா, மென்மரம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எதுவானாலும் சரி. இப்போது பலர் 3டி பிரிண்டில் எடுத்து வருகிறார்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடும். மோல்டு எடுக்கையில் ரெசினைத் தடிமனாக ஒரே மூச்சில் ஏற்றினால் அந்தச் சூட்டிலேயே பேட்டர்ன் கோணும். அடுக்கடுக்காக, ஆறவிட்டு ஏற்றுங்கள்.

பேட்டர்னில் உள்ள ஒவ்வொரு கீறலும் மோல்டுக்குப் போகும், மோல்டிலிருந்து ஒவ்வொரு கவுலுக்கும் போகும். கார் பெயின்டர் பட்டி பார்ப்பது போலப் பாருங்கள். பிரைமர் அடித்து 400, 800, 1200 வாட்டர் பேப்பர் என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் ஜன்னல் கம்பியின் பிம்பம் வளையாமல் ஓட வேண்டும். வளைகிற இடத்தில் பள்ளம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் தெரியும்.

பேட்டர்ன் பின்னால் அகன்று முன்னால் ஒடுங்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு டிகிரி சரிவு இருந்தாலும் மோல்டிலிருந்து பாகம் கழன்று வரும். எங்காவது உள்வாங்கியிருந்தால் மோல்டை இரண்டு பாதியாகத்தான் எடுக்க வேண்டும்.

மோல்டிலிருந்து பாகம் வரவே இல்லை. எங்கே தப்பு?

ஒட்டாமல் இருக்கப் பூசும் மெழுகில். அல்லது மெழுகுக்குக் கீழே இருக்கும் பெயின்டில். என்னுடைய முதல் சக்கர மூடி பேட்டர்னுக்குச் சனிக்கிழமை பெயின்ட் அடித்து ஞாயிறே மோல்டு எடுத்தேன். தொட்டால் காய்ந்திருந்தது, உள்ளே காயவில்லை. பெயின்டும் மோல்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. உளி வைத்துப் பிளந்தேன், இரண்டும் போயிற்று. டூ-கே பெயின்ட் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்து ஒரு வாரம் சும்மா விடுங்கள்.

புது மோல்டுக்கு ஐந்தாறு முறை மெழுகு. கார்னபா மெழுகாக இருக்கட்டும். சிலிக்கான் கலந்த கார் பாலிஷ் வேண்டாம், பிறகு பெயின்ட் மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகும். ஒவ்வொரு முறையும் தேய்த்துப் பளபளப்பாக்கி ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அதன்மேல், பாகம் கழன்று வர உதவும் பிவிஏ ரிலீஸ் திரவத்தை மெல்லிய படலமாகப் பூசிக் காயவையுங்கள். அது தண்ணீரில் கரையும். பாகம் அடம்பிடித்தால் ஓரத்தில் லேசாக நெம்பி வெந்நீர் விடுங்கள். டப்பென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

துணி போடும் நாளில் என்னென்ன, எந்த வரிசையில்?

முதலில் துணியை வெட்டி அடுக்கி வையுங்கள். ரெசினைக் கலந்த பிறகு கத்தரிக்கோலைத் தேடக் கூடாது. கவுல் போன்ற வளைவுக்குத் துணியை நேராக வெட்டாமல் 45 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். ஜாக்கெட் தைக்கிறவர்கள் கிராஸ் கட் என்பார்களே, அதே காரணம்தான். சாய்த்து வெட்டிய துணி வளைவோடு வழிந்து உட்காரும், நேராக வெட்டியது மடிப்பு விழும்.

மேலே சொன்ன கவுலுக்குத் துணியில் 29 கிராம், கோப்பையிலும் பிரஷ்ஷிலும் போவது 9 என்று மொத்தம் 38 கிராம் கலப்பேன். ரெசின் 34.5, ஹார்ட்னர் 3.5. சமையல் தராசில் அந்த மூன்றரை கிராமை நம்ப முடியாது. ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு காட்டும், நகை எடை போடும் சின்னத் தராசு வாங்குங்கள். இரண்டு நிமிஷம் ஓரமும் அடியும் வழித்துக் கலக்கி, அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். குறுகலான கோப்பையிலேயே விட்டால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகையும்.

மோல்டில் முதலில் வெறும் ரெசினை மெல்லப் பூசுங்கள். கூர்மையான மூலைகளில் மைக்ரோபலூன் (நுண்ணிய குமிழிகளாலான லேசான தூள்) கலந்த ரெசினை விரலால் நிரப்புங்கள், இல்லையென்றால் துணி அங்கே வளையாமல் பாலம் கட்டிவிடும். பிறகு முதல் 80 ஜிஎஸ்எம். இந்த இடத்தில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் லிங்கராஜபுரம் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர். திருவண்ணாமலைக்காரர், கல்யாண மண்டபங்களுக்கு ஃபைபர் யானையும் துவாரபாலகரும் செய்வார். நான் பெயின்ட் அடிப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, தேய்க்காத. குத்து. பிரஷ்ஷ நட்டமா புடிச்சுக் குத்து" என்றார். "தேய்ச்சா துணி நகருதுண்ணே, ஆமா" என்றேன். "நகர்றது மட்டுமா? காத்த உள்ள தள்ளுற நீ." பிரஷ் முடியைப் பாதியாக வெட்டி, குட்டையாக்கி, என் கையில் கொடுத்தார்.

குத்தக் குத்த வெள்ளைத் துணி கண்ணாடியாக மாறும். வெள்ளையாக நிற்கும் புள்ளி காற்று. அதை ஓரம்வரை குத்திக்கொண்டே துரத்துங்கள். அடுத்த அடுக்குக்குப் பெரும்பாலும் புதிதாக ரெசின் ஊற்றத் தேவை இருக்காது, கீழே இருப்பதே மேலே ஊறிவரும். எல்லாம் முடிந்ததும் டாய்லெட் பேப்பரைப் பரப்பி விரலால் ஒற்றி எடுங்கள். ஈரமாக வரும் ஒவ்வொரு தாளும் நீங்கள் விமானத்தில் ஏற்றாமல் விட்ட எடை. மேற்பரப்பு பளபளக்காமல், நெசவு லேசாகத் தெரிந்தால் அளவு சரி.

நாலைந்து மணி நேரத்தில் அது தோல் பதத்துக்கு வரும். நகம் வைத்து அழுத்தினால் தடம் விழும், விரலில் ஒட்டாது. அப்போதே ஓரத்தில் நீட்டியிருக்கும் துணியை பிளேடால் அறுத்துவிடுங்கள். மறுநாள் என்றால் ரம்பமும் தூசியும்தான். கழற்றுவது 24 மணி நேரம் கழித்து. முழு பலம் வர ஒரு வாரம்.

பெங்களூரு குளிரிலும் மழையிலும் இது இறுகுமா?

டிசம்பர், ஜனவரிக் காலையில் 15 டிகிரிக்கு வரும்போது எல்ஒய் 556 தேன்மாதிரி இழுக்கும், துணியில் இறங்காது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் நிறுத்துங்கள். சூடான ரெசின் சீக்கிரம் இறுகவும் ஆரம்பிக்கும் என்பதால் குறைவாகக் கலக்குங்கள். துணி போட்ட பிறகு மோல்டை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, எட்டத்தில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டால் போதும். பல்பு எரியும் வரை ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மழை மாதங்களில் வேறு தொல்லை. ஈரக் காற்றில் எபாக்ஸிமேல் மெழுகுபோல ஒரு வழுக்கல் படியும். அதைத் தேய்க்காதீர்கள், உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். கழுவாமல் பெயின்ட் அடித்தால் ஒரு மாதத்தில் உரியும்.

வாக்குவம் பம்ப் தேவையா?

ஈரத் துணியைப் பைக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி அழுத்தும் பம்ப் அது. கவுலுக்குத் தேவையில்லை. இறக்கைத் தோல், நீளமான உடம்பு என்று போகும்போது வாங்கலாம். வாங்கியவர்களுக்கு ஒரு தகவல்: பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தமே சென்னையைவிடப் பத்து சதவீதம் குறைவு. சென்னை நண்பர் மீட்டரில் 29 அங்குலம் காட்டுகிறது என்பார், உங்களுடையது 26-லேயே நிற்கும். பம்ப் பழுதில்லை.

பாகத்தில் ஊசி முனைத் துளைகள் வருகின்றன.

முதல் பூச்சு வறண்டு, துணி அதன்மேல் காற்றோடு உட்கார்ந்ததால். ரெசினில் மைக்ரோபலூன் கலந்து கார்டால் வழித்து அடைக்கலாம். அடுத்த முறை முதல் பூச்சு பிசுபிசுப்பாக இருக்கும்போதே துணியைப் போடுங்கள்.

கவுலைப் பொருத்தும்போது திருகுத் துளை சரியாக விழ மாட்டேன் என்கிறது.

கவுலை மாட்டிவிட்டால் உள்ளே இருக்கும் மரக்கட்டை தெரியாது, அதுதான் சிக்கல். நாலு அட்டைத் துண்டு எடுத்து, கவுல் இல்லாதபோது உடம்பில் டேப்பால் ஒட்டுங்கள். ஒவ்வொரு அட்டையும் முன்பக்கம் நீண்டு, அதில் கட்டையின் நடுவுக்கு நேராக ஒரு ஓட்டை இருக்கட்டும். இப்போது கவுலை அட்டைகளுக்கு அடியில் நுழைத்து, புரொப்பெல்லர் நடுவில் இருக்கும் கூம்பான ஸ்பின்னருக்கும் கவுலுக்கும் 2, 3 மி.மீ. இடைவெளி வருமாறு நிறுத்தி, அட்டை ஓட்டை வழியாகத் துளை போடுங்கள். நாலும் இம்மி பிசகாது.

காற்றோட்டத்தையும் மறக்காதீர்கள். உள்ளே வரும் வாயைவிட வெளியேறும் வாய் ஒன்றரை மடங்காவது, முடிந்தால் இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். சூடான காற்று விரிந்திருக்கும். வெளியேற வழி இல்லையென்றால் முன்னால் எத்தனை ஓட்டை போட்டாலும் என்ஜின் வேகும்.

உடம்புக்குக் கெடுதலா?

கவனம் இல்லையென்றால், ஆம். எபாக்ஸி ஹார்ட்னர் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் அலர்ஜியாகும். ஒரு முறை வந்தால் போகாது, பாட்டிலைத் திறந்தாலே கை தடிக்கும். அப்படி இந்தப் பொழுதுபோக்கையே விட்டவரை எனக்குத் தெரியும். நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டதைத் தின்னராலோ அசிட்டோனாலோ துடைத்தால் ரெசின் இன்னும் உள்ளே இறங்கும், சோப்புதான். தேய்க்கும்போது என்95 முகக்கவசமும் தண்ணீரும். அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கச் சொல்லாதீர்கள், பிள்ளைகளின் சட்டையில் அரிக்கும்.

செய்து முடித்ததை எங்கே பறக்கவிடுவது?

2021 டிரோன் விதிகள் மாடல் விமானத்துக்கும் பொருந்தும். ஜக்கூர், எலஹங்கா, எச்ஏஎல் என்று ஊரைச் சுற்றி ஓடுபாதைகள் இருப்பதால், பறக்கவிட எங்கே கட்டுப்பாடு என்று வண்ணத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

விழுந்து உடைந்துவிட்டது. தூக்கிப் போடவா?

துண்டுகளைப் பொறுக்கி வாருங்கள், புல்லில் கிடக்கும் சின்னத் துணுக்கு உட்பட. வெளிப்புறம் டேப் போட்டு உருவத்தைச் சேர்த்து நிறுத்துங்கள். உட்புறம் விரிசலின் இரண்டு பக்கமும் 2, 3 செ.மீ. அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, 80 ஜிஎஸ்எம் இரண்டு பட்டை, இரண்டாவது முதலாவதைவிடச் சற்று அகலமாக ஒட்டுங்கள். மறுநாள் டேப்பை உரித்தால் வெளியே மயிரிழைக் கோடுதான் இருக்கும். என் மஞ்சள் விமானத்தின் கவுலில் அப்படி ஐந்து கோடுகள் இருக்கின்றன. 61 கிராமில் பிறந்தது, இப்போது 74. இந்த ஞாயிறும் அதுதான் பறக்கப் போகிறது.